எபிரேயக் கணக்கேடும் வழக்கேடும்: பழைய யூதச் சமூக ஆவணங்களைப் படிக்க முழுமையான வழிகாட்டி

16-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை போலந்து, லிதுவேனியா, ஜெர்மன் பகுதிகளில் வாழ்ந்த யூதச் சமூகங்கள் தங்கள் பொதுக் காரியங்களை எபிரேயத்தில் எழுதிவைத்தன. யாரிடம் எவ்வளவு வரி தண்டினார்கள், யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி, எந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதெல்லாம் பிங்காஸ் எனப்படும் ஏடுகளில் கிடக்கிறது. எபிரேய எழுத்து தெரிந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறியாவது ஒரு பக்கம் படிக்க முடிகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கணக்குப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு வழக்குகளை மட்டும் படிப்பவர்கள் உண்டு. வழக்குகளை விட்டுவிட்டுத் தொகைகளை மட்டும் கூட்டுபவர்களும் உண்டு. இரண்டிலும் பாதிதான் கிடைக்கும். வரிப்பட்டியலில் ஒருவர் பெயருக்கு எதிரே தொகை திடீரென்று குறைந்தது ஏன் என்பதற்கு விடை வழக்கேட்டில் இருக்கும். வழக்கில் ஒருவர் பாதித் தொகைக்கு ஏன் ஒத்துக்கொண்டார் என்பதற்கு விடை கடன் கணக்கில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிப்பதற்கான வழிதான் கீழே வருகிறது.

முதலில் தெரிந்திருக்க வேண்டிய பின்னணி

காஹால் என்பது ஊர் யூதர்களின் நிர்வாகக் குழு. போலந்தின் கிராக்கோ ஊர் யூதர்களின் 1595-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அதன் அமைப்பைத் தெளிவாகப் பார்க்கலாம்: மேலே 4 தலைவர்கள், அவர்களுக்கு அடுத்து 5 பெரியவர்கள், அப்புறம் 14 உறுப்பினர்கள். தலைவர்கள் மாதத்துக்கு ஒருவராக முறை வைத்துப் பொறுப்பேற்பார்கள். அவரை மாதப் பர்னாஸ் என்பார்கள். பணத்தைக் கையில் வைத்திருப்பவர் நெஎமான். ஓலை கொண்டுபோவது, அறிவிப்பது, வசூலுக்கு வீட்டுக் கதவைத் தட்டுவது எல்லாம் ஷமாஷ் வேலை. வழக்கைக் கேட்பவர்கள் தயான்கள்.

போலந்தில் 1549 முதல் யூதர்கள் மீது தலைவரி இருந்தது. அரசு ஆளாளுக்கு வசூலிக்க மெனக்கெடவில்லை. மொத்தமாக ஒரு தொகை கேட்டது. அந்தத் தொகையை, போலந்து யூதர்களின் மத்திய அமைப்பான நான்கு நாடுகளின் பேரவை வட்டாரங்களுக்குப் பிரித்தது. வட்டாரம் ஊர்களுக்குப் பிரித்தது. ஊர் வீடுகளுக்குப் பிரித்தது. 1717-இல் போலந்து முடியாட்சிப் பகுதியின் யூதர்களுக்கு இந்த வரி ஆண்டுக்கு 2,20,000 ஸ்லோட்டி என்றும் லிதுவேனியாவுக்கு 60,000 என்றும் நிர்ணயமானது. ஒவ்வொரு பிரிப்பிலும் ஒரு தகராறு பிறந்தது. பெரிய ஊர் சின்ன ஊரோடு, பணக்காரர் காஹாலோடு, வாடகைதாரர் வீட்டுக்காரரோடு மோதினார்கள். ஏடுகளில் பாதி வழக்குகளின் வேர் இங்கேதான்.

1764-இல் போலந்து நாடாளுமன்றம் இந்தப் பேரவையையும் லிதுவேனிய யூதர்களின் தனிப் பேரவையையும் கலைத்துவிட்டுத் தலைக்கு 2 ஸ்லோட்டி என்று நேரடி வரி விதித்தது. அதன் பிறகு ஏடுகளில் கடன் தீர்வைப் பற்றிய பக்கங்கள் பெருகும். அது தற்செயல் இல்லை. பேரவையும் காஹால்களும் பல காலமாகச் சேர்த்து வைத்திருந்த கடன்களை அரசு ஆணையர்கள் அப்போதுதான் தோண்டி எடுத்தார்கள்.

படி 1: கையில் இருப்பது எந்த வகை ஏடு?

எல்லாமே பிங்காஸ் என்ற பெயரில் வரும். ஆனால் ஒரே மாதிரிப் படிக்கக் கூடாது.

காஹாலின் பொது ஏட்டில் தேர்தல், தீர்மானம், வரி, நியமனம் எல்லாம் கலந்திருக்கும். போஸ்னானில் 1621 முதல் 1835 வரை ஓடிய தேர்வாளர் ஏடு இன்னொரு வகை. ஆண்டுதோறும் யார் எந்தப் பதவிக்கு வந்தார்கள், புதியவர்களுக்கு என்ன அறிவுரை சொல்லப்பட்டது என்று தொடர்ச்சியாகக் காட்டும். நீதிமன்ற ஏடுகளில் மெட்ஸ் (1771–1789), பிராங்பர்ட் (1773–1794) இரண்டும் அச்சில் வந்திருக்கின்றன. லிதுவேனியப் பேரவையின் ஏடு 1623-இல் தொடங்குகிறது. அதை சிமோன் டூப்னோவ் 1925-இல் பெர்லினில் பதிப்பித்தார். நான்கு நாடுகளின் பேரவையின் மூல ஏடு தொலைந்துபோனது. இஸ்ராயேல் ஹால்பெரின் பல ஊர் ஏடுகளிலும் நூல்களிலும் சிதறிக்கிடந்த நகல்களைத் திரட்டி 1945-இல் எருசலேமில் வெளியிட்டார். ஆகவே அந்தப் பதிப்பில் ஒரு தீர்மானம் இல்லை என்றால், அப்படி ஒரு தீர்மானமே போடவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ரப்பிகள் எனப்படும் யூதச் சட்ட அறிஞர்களின் கேள்வி–பதில் தொகுப்புகளும் இதே வழக்குகளைப் பேசும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. வாதி பிரதிவாதிகளின் உண்மைப் பெயரை எடுத்துவிட்டு ரூபேன், சிமியோன், லேவி என்று போட்டிருப்பார்கள். பெண்கள் ராகேல், லேயாள் ஆகிவிடுவார்கள். ரூபேன் என்ற வியாபாரியை வரிப்பட்டியலில் தேடி நாளை வீணாக்க வேண்டாம். தொகை, ஊர், ஆண்டு, சரக்கு ஆகிய நான்கை வைத்து நீதிமன்ற ஏட்டில் தேடினால் உண்மைப் பெயர் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில், பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில், பழைய தாள்களைப் போட்டுவைக்கும் கெனிசா அறையில் கிடைத்த ஆவணங்கள் தனி உலகம். அறக்கட்டளை வீடுகளின் வாடகை, விளக்கெண்ணெய்ச் செலவு, ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்த பட்டியல் எல்லாம் உண்டு. எழுத்து எபிரேயம்தான். ஆனால் மொழி பெரும்பாலும் அரபு, அதனால் எபிரேயம் மட்டும் தெரிந்தவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டாம்.

தொடங்குபவர்களுக்கு நீதிமன்ற ஏட்டைத்தான் சொல்வேன். சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வரும். சில பக்கங்களில் கண் பழகிவிடும். அச்சுப் பதிப்பும் கையெழுத்துப் படமும் இரண்டும் கிடைக்கிற ஏடாகப் பாருங்கள். எருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகம் பிங்காஸ்களுக்கென்றே ஓர் இணையத் தொகுப்பை நடத்துகிறது. அதே ஊரில் யூத மக்கள் வரலாற்று மைய ஆவணக்காப்பகமும் இருக்கிறது.

படி 2: படிப்பதற்கு முன் பாருங்கள்

பக்கத்தைக் கையில் எடுத்ததும் சொற்களுக்குப் போகாதீர்கள். மை எங்கே மாறுகிறது? கையெழுத்து எங்கே மாறுகிறது? ஓரத்தில் பின்னால் சேர்த்த குறிப்பு இருக்கிறதா? குறுக்கே கோடு போட்ட பதிவு எது?

கோடு போட்டிருந்தால் பிழை என்று முடிவு கட்டக் கூடாது. கடன் தீர்ந்ததும் பதிவைக் குறுக்கே அடித்துவிடுவது கணக்கேட்டு வழக்கம். அடித்த பதிவுகளை விட்டுவிட்டுக் கூட்டினால், ஒழுங்காகப் பணம் கட்டியவர்கள் எல்லாரும் உங்கள் ஆய்விலிருந்து காணாமல் போவார்கள்.

எழுத்தைப் பொறுத்தவரை, அச்சில் பழகிய சதுர எழுத்து இங்கே தலைப்புகளில் மட்டும் வரும். உள்ளே இருப்பது அஷ்கெனாசி, அதாவது நடு, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கூட்டெழுத்து. மாதப் பெயர், ஊர்ப் பெயர், தலைவர் பெயர் போல ஏற்கெனவே தெரிந்த சொற்களிலிருந்து அந்த எழுத்தரின் தனி எழுத்து அட்டவணை ஒன்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். எழுத்தர் மாறினால் அட்டவணையும் மாறும்.

படி 3: தேதியைப் பூட்டுங்கள்

தேதி சரியாக விழுந்தால்தான் மற்றதெல்லாம். எபிரேயத்தில் எழுத்துகளே எண்கள். நம் பழைய கணக்குகளில் க, உ, ங என்று எண் எழுதியதைப் போலத்தான். அலெஃப் 1, யோத் 10, கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400. பதினைந்தைப் பத்தும் ஐந்துமாக எழுத மாட்டார்கள், கடவுளின் பெயரைத் தொட்டுவிடும் என்பதால் 9-உம் 6-உமாக எழுதுவார்கள். பதினாறு 9-உம் 7-உம்.

ஆண்டில் ஆயிரத்தை விட்டுவிட்டுச் சிறு எண்ணிக்கை மட்டும் போடுவார்கள். அதோடு 1240-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். தாவ்–ஹேத் என்று இருந்தால் 408. கூட்டினால் 1648, கெமெல்னிட்ஸ்கி கிளர்ச்சியில் உக்ரைன் யூதர்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்ட ஆண்டு. ஆனால் எபிரேய ஆண்டு திஷ்ரி மாதத்தில், அதாவது செப்டம்பர்–அக்டோபரில் பிறக்கிறது. எனவே திஷ்ரி முதல் தேவெத் மாதத்தின் முற்பகுதி (டிசம்பர் இறுதி) வரை வரும் தேதிகளுக்கு 1239-தான் கூட்ட வேண்டும். இந்த ஒரு ஆண்டு வித்தியாசத்தில் தீர்ப்பு வழக்குக்கு முன்னால் வந்து நிற்கும்.

ஒரு தேதியை, அந்த வாரம் தொழுகைக்கூடத்தில் வாசிக்கும் தோரா (வேத) பகுதியின் பெயரால் சொல்வதும் வழக்கம். 'நோவா பகுதி, செவ்வாய்' என்றால் அந்தப் பகுதியை வாசிக்கப்போகும் ஓய்வுநாளுக்கு முந்தைய செவ்வாய். சில நேரம் ஒரு வேதவசனத்தை எழுதி, சில எழுத்துகள் மேல் புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளி வைத்த எழுத்துகளைக் கூட்டினால் ஆண்டு.

இனி சரிபார்ப்பு. எபிரேய நாட்காட்டியின் விதிப்படி ஆண்டுப் பிறப்பு ஞாயிறு, புதன், வெள்ளியில் வராது. பாஸ்கா முதல் நாளான நிசான் 15 திங்கள், புதன், வெள்ளியில் வராது. நீங்கள் படித்த தேதி இந்த விதியை மீறினால் ஏதோ ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது எழுத்தர் தவறியிருக்கிறார். இதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும்.

நகராட்சிப் பதிவுகளோடு ஒப்பிடும்போது இன்னொன்று: கத்தோலிக்கப் போலந்து 1582-இலேயே கிரெகோரிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது, ஹாம்பர்க் போன்ற புராட்டஸ்டண்ட் ஊர்கள் 1700-இல்தான் மாறின. அதற்கு முன் 10 நாள் இடைவெளி இருக்கும்.

கெனிசாவில் பழைய பத்திரக் கணக்கு, அதாவது செலூக்கிய ஆண்டு வரும். இலையுதிர்கால மாதங்களுக்கு 312-ஐயும் மற்ற மாதங்களுக்கு 311-ஐயும் கழியுங்கள்.

படி 4: பெயரும் சுருக்கெழுத்தும்

மேலே இரட்டைக் கோடு இருந்தால் அது சுருக்கம். செகல் என்றால் லேவியர், காட்ஸ் என்றால் ஆசாரியர் வழி. இரண்டும் பின்னாளில் குடும்பப் பெயராக ஆனாலும் இங்கே மரபைக் காட்டுகின்றன. பெயருக்குப் பின் 'இரக்கமுள்ளவர் காத்து மீட்பாராக' என்ற வாழ்த்தின் சுருக்கம் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார். 'நினைவு வாழ்க' என்று வந்தால் இறந்துவிட்டார். ஒருவரின் தந்தை எந்த ஆண்டுக்கும் எந்த ஆண்டுக்கும் இடையில் காலமானார் என்பதை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், சொத்து வழக்கில் இது தங்கம்.

ஒரே சுருக்கத்துக்கு இரண்டு பொருள் வரும். ஹேத்–மெம் என்றால் 'கீழே கையெழுத்திட்டவர்' என்றும் வரும், ஹோஷென் மிஷ்பாத் என்ற சட்டப்பகுதி என்றும் வரும். பின்னால் எண் வந்தால் சட்டம். வினைச்சொல் வந்தால் ஆள்.

படி 5: காசு

போலந்து ஏடுகளில் ஸாஹுவ் என்று வருவது ஸ்லோட்டி. 30 குரோஷன் சேர்ந்தது ஒரு ஸ்லோட்டி. குரோஷனை கதோல் என்று எழுதுவார்கள். 'சிவப்பு' என்ற அடைமொழி வந்தால் தங்க டுகாட். அதைச் சாதாரண ஸ்லோட்டியாகப் படித்தால் தொகை பல மடங்கு சுருங்கிவிடும். லிதுவேனியாவில் 60 குரோஷன் கொண்ட கோப்பா, ஜெர்மன் ஊர்களில் ரைக்ஸ்டாலர். இவற்றுக்கிடையே மாற்று விலை ஆண்டுக்கு ஆண்டு மாறியது. அதனால் எல்லாவற்றையும் ஒரே நாணயத்துக்கு மாற்றி அட்டவணை போடும் ஆசையை அடக்குங்கள். மூலத்தில் இருக்கும் நாணயத்திலேயே வைத்திருங்கள்.

படி 6: வரவும் செலவும்

தேர்தல் பாஸ்காவின் இடைநாட்களில் நடக்கும் என்பதால் பல ஊர்களில் கணக்காண்டும் பாஸ்காவிலிருந்து பாஸ்காவுக்கு ஓடும். வரவில் மதிப்பீட்டு வரி, இறைச்சி வரி, ஊரில் குடியிருக்கும் உரிமைக்குக் கட்டிய பணம், அபராதம். செலவில் அரசு வரி, ரப்பிக்கும் ஷமாஷுக்கும் சம்பளம், அதிகாரிகளுக்குப் பரிசு, சிறைப்பட்டவர்களை மீட்ட பணம், ஏழைப் பெண்களின் கல்யாணச் செலவு, வட்டி.

வட்டியில் நின்று பாருங்கள். காஹால்கள் மடங்களிடமும் தேவாலயங்களிடமும் பிரபுக்களிடமும் கடன் வாங்கின. வீடெர்காஃப் என்ற முறையில் முதலைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பெரும்பாலும் 7 முதல் 10 விழுக்காடு வட்டி வருடா வருடம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரே மடத்தின் பெயரும் ஒரே தொகையும் பத்து ஆண்டு தொடர்ந்து வந்தால் அது பத்துக் கடன் இல்லை, ஒரே கடன். இதைக் கவனிக்காமல் கூட்டினால் ஓர் ஊர் திவாலாகிவிட்டது என்று எழுத நேரும்.

யூதருக்குள் வட்டி வாங்குவதை வேதம் தடுக்கிறது. அதனால் கடனை வியாபாரக் கூட்டாக எழுதும் ஹெத்தெர் இஸ்கா வந்தது; நான்கு நாடுகளின் பேரவை 1607-இல் இதைப் பற்றி விரிவான விதிகள் போட்டது. கொடுத்தவர் பங்குதாரர், வட்டி என்பது அவருடைய லாபப் பங்கு. பத்திரத்தில் 'கூட்டு' என்று இருப்பதாலேயே இருவரும் கடை நடத்தினார்கள் என்று சொல்லிவிட முடியாது. சரக்கின் பெயரே வராமல், லாபம் மட்டும் முன்கூட்டியே நிர்ணயமாகி இருந்தால் பெரும்பாலும் கடன்தான்.

படி 7: வழக்கைப் பிரித்துப் படியுங்கள்

மாதிரிக்கு ஒரு பதிவு. இது நடையைக் காட்ட நான் அமைத்தது: 'இடைநாள், நிசான் 18, சிறு எண்ணிக்கை 434. யாகோவ் செகல், தந்தை மோஷே நினைவு வாழ்க, மதிப்பீட்டு வரி 12 ஸாஹுவ் 15 கதோலுக்காக ஒரு வெள்ளிக் கிண்ணத்தை நெஎமானிடம் ஈடு வைத்தார். தமக்கு அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்கிறார். காஹாலோடு தயான்கள் முன் நிற்பார்.'

தேதி 1674 வசந்தம். ஆள் லேவியர், தந்தை இல்லை. தொகை பன்னிரண்டரை ஸ்லோட்டி. இங்கே முக்கியம் கிண்ணம். வரி கட்ட மறுத்தவரிடம் ஜப்தி செய்தார்கள் என்று படிக்கத் தோன்றும். அப்படி இல்லை. ஹோஷென் மிஷ்பாத்துக்குக் கிராக்கோவின் ரப்பி மோசே இஸர்லெஸ் எழுதிய குறிப்பின்படி, வரித் தகராறில் பணம் ஏற்கெனவே காஹாலின் கையில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். அதனால் தனி ஆள் முதலில் ஈடு வைத்துவிட்டுத்தான் வழக்காட முடியும். கிண்ணம் வழக்குத் தொடுப்பதற்கான வாசல். கணக்கேட்டில் ஒரு வெள்ளிப் பாத்திரம் திடீரென்று வந்தால், வழக்கேட்டில் அதே வாரத்தைத் திறந்து பாருங்கள். மறுபடி கணக்கேட்டுக்கு வந்து, அது திரும்பிப் போனதா, விற்கப்பட்டதா என்று தேடுங்கள். தீர்ப்பு எழுதாமல் விட்ட வழக்கிலும் முடிவு அந்தக் கணக்குப் பதிவில் தெரியும்.

தனியாருக்கிடையே நடக்கும் வழக்கில் ஆளுக்கு ஒரு நடுவரைத் தேர்ந்து, அந்த இருவரும் மூன்றாமவரைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. துணி முனையைப் பிடித்து ஒப்புக்கொண்டார்கள் என்ற வாசகம் வந்தால் இருவரும் முடிவுக்குக் கட்டுப்பட்டுவிட்டார்கள். சட்டகம் எபிரேயத்தில் இருக்கும். சாட்சி பேசும்போது மட்டும் மொழி அவர்களுடைய பேச்சுமொழியான இட்டிஷுக்குத் தாவும். அந்த இடத்தை மெதுவாகப் படியுங்கள். சாட்சியின் வாய்மொழி அப்படியே வருவது ஏறக்குறைய அங்கே மட்டும்தான்.

முடிவு தீர்ப்பா, சமரசமா என்பதைப் பிரித்தறிவது மிக அவசியம். சத்தியம் செய்யப் பயந்து, உண்மை தம் பக்கம் இருந்தும் பணம் கொடுத்து முடித்துக்கொண்டவர்கள் உண்டு. பாதித் தொகை கொடுக்கப்பட்டது என்பதால் பாதிக் கடன் உண்மை என்று நீதிமன்றம் கண்டதாக எழுதக் கூடாது.

படி 8: பத்திரம் ஏமாற்றுகிறதா?

யூதச் சட்டம் பத்திர மோசடியை நன்றாகவே யோசித்து வைத்திருக்கிறது. கடைசி வரியில் புதிதாக எதையும் சொல்லக் கூடாது, முன்பு சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டும். கையெழுத்துக்கு மேல் யாராவது ஒரு வரி நுழைத்துவிடலாம் அல்லவா? அடித்தல் திருத்தல் இருந்தால் முடிவுக்கு முன் ஒவ்வொன்றாகச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். மூன்று முதல் பத்து வரையுள்ள எண்களை வரியின் கடைசியில் எழுதக் கூடாது என்று பழைய யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூத் எச்சரிக்கிறது, ஏனென்றால் ஓரிரண்டு எழுத்தை ஒட்டினால் மூன்று முப்பதாகிவிடும். இந்த விதிகளை வைத்துக்கொண்டு பத்திரத்தைப் பாருங்கள். விதி மீறிய இடம் மோசடி என்று ஆகிவிடாது. ஆனால் எதிராளி பிடித்துக்கொள்ளப்போகும் இடம் அதுதான்.

போலந்து வியாபாரிகளின் மம்ரன் என்ற சீட்டு அசலில் கிடைத்தால் திருப்பிப் பார்க்காமல் வைக்காதீர்கள். ஒரு பக்கத்தில் கடன்காரரின் கையெழுத்து மட்டும். பின்பக்கத்தில், கையெழுத்துக்கு நேர் பின்னால், தொகையும் தவணைத் தேதியும். கடன் கொடுத்தவர் பெயரே இருக்காது, யார் கையில் சீட்டு இருக்கிறதோ அவரே உரியவர். ஒரு பக்கத்தை மட்டும் படமெடுத்து வைத்திருந்தால் வெறும் கையெழுத்தாகத் தோன்றும்.

படி 9: எதிர்த்தரப்பு ஆவணத்தைத் தேடுங்கள்

ஏட்டை எழுதியது காஹால். அது தன் தரப்பைத்தான் எழுதும். யூதர் அல்லாதவர்களின் நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்ற தடையும், மீறினால் ஹேரெம் என்ற ஒதுக்கிவைப்பும் மீண்டும் மீண்டும் வருகின்றன. இத்தனை தடவை தடுக்க வேண்டியிருந்தது என்றால் போய்க்கொண்டே இருந்தார்கள் என்று பொருள். எனவே அதே ஆண்டில் நகர நீதிமன்றப் பதிவுகளையும் கோட்டை நீதிமன்றப் பதிவுகளையும் பாருங்கள். லத்தீனிலும் போலிஷிலும் இருக்கும். பெயர் உருமாறியிருக்கும், தொகை மாறியிருக்காது. தொகையை வைத்தே பிடியுங்கள். விதவைகளின் மண ஒப்பந்தப் பணத்துக்கான வழக்குகளிலும் இந்தத் தேடல் பயன்படும், ஏனென்றால் காஹாலிடம் வைப்பாக இருந்த விதவைப் பணம் சம்பந்தப்பட்டிருந்தால் காஹாலே ஒரு தரப்பு.

படி 10: எடுத்தெழுதும் முறை

மூன்று பத்தி போதும்: மூல வரி உள்ளபடியே, சுருக்கம் விரித்த வாசிப்பு, உங்கள் விளக்கம். மூன்றையும் கலக்காதீர்கள். சந்தேகமான எழுத்தைப் பகர அடைப்புக்குள் போடுங்கள். ஊகித்து நிரப்பியதை வேறு அடைப்பில் போடுங்கள். டிரான்ஸ்கிரிபஸ், இஸ்க்ரிப்டோரியம் போன்ற கையெழுத்து வாசிப்பு மென்பொருள்கள் எபிரேயக் கையெழுத்துக்கும் வேலை செய்யும். ஆனால் தொகையையும் தேதியையும் அவற்றிடம் ஒப்படைக்க வேண்டாம். ஒரு சொல்லில் ஓர் எழுத்து பிசகினால் அடுத்த சொல்லை வைத்துத் திருத்திவிடலாம். எண்ணில் பிசகினால் கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: அந்தப் பக்கத்தின் தொகைகளை நீங்களே கூட்டி, கணக்குப் பார்த்தவர்கள் கீழே போட்ட மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் முதலில் உங்கள் வாசிப்பையும், பிறகு அடித்த பதிவுகளையும், கடைசியாக எழுத்தரையும் சந்தேகியுங்கள்.